நீல விளக்கு எரிந்த பாட்டு

அஸ்மான் புதுப் பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் அதன் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. பல் டாக்டர் லாவ் மெய் ஃபோங் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நல்ல ஒலிக்காகக் கைக்காசையும் வீட்டு நிம்மதியையும் சேர்த்தே தொலைத்தவர்கள் கூடும் ஈப்போ நகரத்துச் சங்கம் அது. விளக்கு எரிந்தால், பாடியவரும் பதிந்தவரும் கேட்டு ஒப்புக்கொண்ட அசல் ஒலி அப்படியே வருகிறது என்று அர்த்தமாம். பெட்டியைச் செய்த கம்பெனி சொன்னது. அவர்கள் தங்கள் முறையில் சுருக்கி அடைத்த பாட்டு அவர்கள் உரிமம் கொடுத்த பெட்டியில்தான் முழுசாகத் திறக்கும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள்.

பின்னால் கான் பூன் ஹுவாட் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இது சுத்தப் பித்தலாட்டம் என்று ஓயாமல் வாதாடி, காதுக்குள் சந்தேகப் பூச்சி புகுந்த ஆள் என்று டாக்டரிடம் கேலி வாங்கியவர். அஸ்மான் அவருடைய பள்ளித் தோழர். ஊரில் அந்தப் பெட்டியை விற்பவரும் அவர்தான். என்னை நம்பி வாங்குங்கள் என்று சங்கத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்.

ஒலிக்கப்போவது பூன் ஹுவாட்டே பதிந்த பாட்டு. கோப்பெங் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைக்குள் இரண்டு மைக்கை நட்டு வைத்து, ஸலேஹா என்ற பள்ளி ஆசிரியையைப் பாடச் சொல்லி எடுத்த தாலாட்டு. ஆனால் கம்பெனிக்கு அவர் அனுப்பியது அசல் அல்ல. ஒலியில் முக்கால்வாசியைச் சுரண்டி எறிந்த மட்டமான பிரதி. அதற்குத்தான் அசல் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து உண்மையைப் போட்டு உடைப்பதாக இருந்தார்.

பதிவில் ஸலேஹா மூச்சை இழுத்தாள். எதிர்ச் சுவர் காணாமல் போயிற்று. அங்கே இருட்டாகவும் ஈரமாகவும் உயரமாகவும் ஓர் இடம் நின்றது. அவள் குரல் மேலே போய்ப் பாறையைத் தொட்டுத் தாமதித்துத் திரும்பியது. எறிந்தது போக மிச்சம் எவ்வளவு என்று அந்த அறையில் பூன் ஹுவாட் ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய கை மயிரே குத்திட்டு நின்றது.

முடிந்ததும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூன் ஹுவாட் எழுந்தார்.

"அது அசல் இல்ல, அஸ்மான். குப்பைப் பிரதி. வேணும்னேதான் அனுப்பினேன். உன் லைட்டு அதுக்கும் எரியுது."

அஸ்மான் அவர் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் இப்ப கேட்டது என்னடா? உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சே. அதுவும் பொய்யா?"

"தெரியலடா. எனக்கும் சிலிர்த்துச்சு."

அஸ்மான் குனிந்து தன் பெட்டியின் வயரைத் தானே பிடுங்கினார். நீலம் அணைந்தது. டாக்டரின் பழைய பெட்டியை இழுத்து மாட்டி, அதே குப்பையை இதில் போடு என்றார். பூன் ஹுவாட் தன்னிடமிருந்த பிரதியைப் போட்டார்.

மறுபடியும் சுவர் போயிற்று. பாட்டு முடிந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. வெறும் குகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இடது மூலையில், உயரத்தில், ஒரு வௌவால் சிறகடித்தது. அது பதிவில் இருப்பது பூன் ஹுவாட்டுக்கே தெரியாது. அத்தனை தலைகளும் அண்ணாந்து, அது பறந்து போகும் பக்கமாக மெல்லத் திரும்பின.