பெரிய வெள்ளியன்று மூன்று படி மேலே

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடகர் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் எழுத வேண்டியிருந்தது கதை அல்ல, குற்றப் பத்திரிகை. நாளை திங்கள்கிழமை இரண்டு மணிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியது. நான்கு பத்தி, கீழே முத்திரை, அவ்வளவுதான். "தியோபிஸ்தா கெமிலெம்பே என்னும் உறுப்பினர், தண்டனைக் காலத்தில் இருக்கும்போதே" என்று எழுதினேன். உடனே வெள்ளிக்கிழமை கேட்ட அந்தக் குரல் மறுபடி காதுக்குள் ஏறிக்கொண்டது. அதற்கு மேல் குற்றமாவது பத்திரிகையாவது. பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது உயிர்ப்பு ஞாயிறு மதியம். வீட்டில் எல்லோரும் ஆட்டுக்கறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். எனக்குப் பசியில்லை, படபடப்புதான்.

2

முதல் தொடக்கம்: "கல்வாரி மலையில் இருள் சூழ்ந்த அந்த வேளையில் —"

வேண்டாம். நான் கல்வாரிக்குப் போனதில்லை. எனக்குத் தெரிந்த மலை எங்கள் ஊர் புகோபாவுக்குப் பின்னால் இருப்பது, அதில் வாழைத் தோப்பும் செல்பேசிக் கோபுரமும் இருக்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: "தியோபிஸ்தாவின் குரல் தேனைப் போல —"

[அடித்துவிட்டேன். அவளுடைய குரலில் தேன் கிடையாது. சந்தையில் மீன் விற்கிற தொண்டை அது. பத்துக் கடை தாண்டிக் கேட்கும். அதே தொண்டை மேலே ஏறும்போது மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாகிறது என்று பதினோரு வருடமாகப் பக்கத்தில் நின்றும் எனக்குப் புரியவில்லை.]

மூன்றாவது, விதி ஒன்பதிலிருந்து. எங்கள் குழுவுக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு. குழுவின் சீருடைத் துணியை வேறெந்தக் குழுவோடும் பாடும்போது உடுத்தக்கூடாது என்கிறது விதி ஒன்பது. ஜனவரியில் பக்கத்துப் பங்குக் கோயிலின் வெள்ளி விழாவில் அவர்களுடைய மேல் குரல்காரிக்குக் காய்ச்சல். தியோபிஸ்தாவைக் கூப்பிட்டார்கள். போனாள், பாடினாள், அதுவும் எங்கள் பச்சைத் துணியில், முதுகில் எங்கள் புனிதரின் படத்தோடு. விசாரணையில் அவள் சொன்னது இதுதான்:

"துணி நான் காசு குடுத்து வாங்கினது. தொண்டை கடவுள் சும்மா குடுத்தது. இதுல உங்களுக்கு எதுல பங்கு?"

ஆறு மாதம் விலக்கி வைத்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். நல்ல கடிதம். மூன்று பேர் நகல் வாங்கிப் போனார்கள்.

3

இனி வெள்ளிக்கிழமை.

பெரிய வெள்ளியன்று கோயிலில் எந்தக் கருவியும் பேசாது. விசைப்பலகை ஊதாத் துணிக்குள் கிடக்கும், மணிக்குப் பதில் மரத்தட்டிதான். பாடுகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. யாராவது ஒருவர் வாயால் தொடக்கச் சுருதியை, அதாவது 'டோ'வைக் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரும் ஏற வேண்டும். அந்த ஒரு சுருதி தவறினால் பாட்டு முழுக்கத் தவறும். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்க முடியாது. மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவையை முத்தமிட வரிசையில் வந்துகொண்டிருப்பார்கள்.

சிலுவை ஆராதனைக்கு எங்கள் மாஸ்டர் வெதாஸ்தோ புதிதாக மெட்டமைத்த பாட்டு. ஏழு கண்ணி. ஒவ்வொரு கண்ணியின் மூன்றாம் அடியிலும் சிலுவையை அழைக்கும் 'மரமே' என்ற சொல் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கும். நாலு எண்ணிக்கை நிற்க வேண்டும். சரியான சுருதியில் தொடங்கினாலே மேல் குரல் பெண்களுக்கு அங்கே கண் பிதுங்கும்.

மாஸ்டர் வெதாஸ்தோ டோ கொடுத்தார். பாட்டு எழுந்தது. இரண்டாம் அடிக்குள்ளேயே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மூன்று படி மேலே போய்க்கொண்டிருக்கிறோம். தெரிந்து என்ன செய்ய? ஓடும் பேருந்திலிருந்து யார் இறங்குவது? 'மரமே' வந்தது. மேல் குரலில் ஒருத்தி இருமினாள். ஒருத்தி கீழ்க்குரலுக்குச் சறுக்கினாள். மற்றவர்கள் வாயை மட்டும் திறந்தார்கள். உச்சி காலியாக இருந்தது.

அப்போது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது அந்தக் குரல்.

ஐயோ, இதை எப்படி எழுதுவேன். பழுப்புச் சட்டையும் தலைத்துணியுமாக, கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு, அந்த உச்சியை அவள் தனியாகப் பிடித்தாள். எட்டிப் பிடிக்கவில்லை, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தவளைப் போலப் பிடித்தாள். நாலு எண்ணிக்கை. வரிசையில் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சிலுவையைப் பிடித்திருந்த பங்குத்தந்தை கூடத் தலையைத் திருப்பினார். எனக்குக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டாம் கண்ணியிலும் அவளே. மூன்றாவதில் எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் குரலைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள். ஏழு கண்ணி, ஏழு முறை. ஒரு முறைகூடப் பிசகவில்லை. நான் பாடிய பெரிய வெள்ளிகளிலேயே இதுதான் பெரிய வெள்ளி.

4

[மேலே ஒரு வாக்கியம் என்னை உறுத்துகிறது. வாசகர்களே, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். "மாஸ்டர் வெதாஸ்தோ டோ கொடுத்தார்."]

கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று வெதாஸ்தோவை அந்த இடத்தில் நிறுத்தினேன். ஆனால் அந்தப் பாத்திரம் அங்கே நிற்க மறுக்கிறது. பெரிய வியாழனன்று பாடிப் பாடி அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கையை மட்டும் அசைத்தார்.

டோ கொடுத்தவள் லெயோகாதியா. அதாவது நான்.

என் பையில் இசைக்கவை இருந்தது. தட்டிக் காதில் வைத்தால் சரியான சுருதி சொல்லும் இரண்டு கால் இரும்பு அது. நான் அதை எடுக்கவில்லை. லெயோவின் டோ தப்பாது என்று ஊரே சொல்லும்போது, ஊர் பார்க்க அதை எப்படி எடுப்பேன்? ஆயிரம் பேர் முன்னால் நெஞ்சு படபடக்க வாயைத் திறந்தேன், மூன்று படி மேலே போய் விழுந்தது.*

* சந்தேகம் வேண்டாம். வழிபாடு முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் போய் இசைக்கவையைத் தட்டிப் பார்த்தேன். மூன்று படி.

அது பிழை. பிழைக்கு மன்னிப்பு உண்டு. அதற்குப் பிறகு உடை மாற்றும் அறையில் நடந்ததுதான் நான் எழுதத் தயங்கியது. குழுத் தலைவர் ருகைமுகாமு நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தண்டனையில இருக்கிறவ பெஞ்சுல இருந்துகிட்டே முதல் அடியிலயே நம்ம பாட்டை மேல இழுத்துட்டா. வேணும்னே. நம்ம மானத்தை வாங்கணும்னே."

"ஆரம்பமே உசரமா இருந்த மாதிரி..." என்று வெதாஸ்தோ கரகரத்தார்.

"மாஸ்டர், தொண்டைதான் போச்சு. காதுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "லெயோ, உன் டோ சரியாத்தானே இருந்துச்சு?"

"சரிதான், தலைவரே."

ஒரே வார்த்தை. அதைச் சொல்ல அரை நொடிகூட ஆகவில்லை. விதி பதினான்கின்படி, தண்டனைக் காலத்தில் குழுவின் பாட்டைக் கெடுக்கிறவரை நிரந்தரமாக நீக்கலாம். அதே விதியின் இரண்டாம் பகுதி: குழுவின் முன் தெரிந்தே பொய் சொல்லும் பொறுப்பாளரையும் நிரந்தரமாக நீக்கலாம். அந்தப் பகுதியைச் சேர்க்கச் சொல்லி மூன்று வருடம் முன்பு அடம்பிடித்தவளும் நான்தான்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கூட்டத்தில் செயலாளர் உண்மையைச் சொல்கிறாள். நாற்பது பேரும் எழுந்து குலவையிடுகிறார்கள். தலைவர் அழுகிறார். [ருகைமுகாமு அழ மாட்டார். அவருடைய மாமியார் அடக்கத்திலேயே பாட்டுத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.]

(ஆ) தியோபிஸ்தா நீக்கப்படுகிறாள். பக்கத்துப் பங்குக்குப் போகிறாள். மறைமாவட்டப் போட்டியில் அவர்கள் வெல்கிறார்கள். நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கை தட்டுகிறோம். [இது நடக்கக்கூடியது. அதனால்தான் பிடிக்கவில்லை.]

(இ) செயலாளர் வாய் திறக்கவில்லை, ஆனால் இந்தக் கதை எங்கோ அச்சாகி, எல்லோரும் படித்து, தானாகவே எல்லாம் —

இந்த (இ)தான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதை இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே, முதலில் அவளுக்கே வாசித்துக்காட்டலாம் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

6

தியோபிஸ்தா சமையலறை வாசலில் முக்காலி போட்டு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க செயலாளரம்மா. முத்திரையும் கொண்டாந்தீங்களா?"

"கதை எழுதியிருக்கேன் டி. உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தியா? கடிதம் எழுதியாச்சு, இப்ப கதையா. அடுத்தது கல்லறைக் கல்லா?" என்றாள். ஆனாலும் இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

வாசித்தேன். மீன் தொண்டை என்ற இடத்தில் சிரித்தாள். ஏழு கண்ணி வந்தபோது கீழே பார்த்துக்கொண்டாள். நான்காம் பகுதிக்கு வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. அவள் கையிலிருந்த கத்தி நிற்கவே இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது உன் டோன்னு தெரியும். உனக்குப் பயம் வந்தா மேல போவ. பதினோரு வருஷம் பக்கத்துல நின்னவளுக்குத் தெரியாதா? முதல் அடியிலயே கணக்குப் போட்டுட்டேன், 'மரமே'ல உடையப்போகுதுன்னு. மூச்சை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்."

எனக்கு முகம் சுட்டது. நாங்கள் எல்லோரும் விழுந்துகொண்டிருந்தபோது ஒருத்தி மட்டும் முன்கூட்டியே வந்து கீழே நின்றிருக்கிறாள். அதுவும் நான் வெளியே அனுப்பியவள்.

"அப்ப ரெண்டு நாளா ஏன் டி சும்மா இருந்த? உன்மேல பழி போடறாங்கன்னு தெரியும்தானே?"

"நான் சொன்னா, தண்டனையில இருக்கிறவ பழியைத் தள்ளிவிடறாம்பாங்க. நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நேத்தும் பார்த்தேன். இன்னிக்குக் காலையில பூசைலயும் பார்த்தேன்."

"இதோ, எழுதிட்டேனே."

அவள் முதல்முறையாகக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுதிட்டா சொன்னதா ஆயிடுமா லெயோ? என்னை வெளிய அனுப்பின கடிதமும் நல்லாத்தான் எழுதியிருந்த."

அவள் வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோலச் சொன்னாள்:

"பெஞ்சுல நின்னு பாடறப்ப எனக்குக் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. பாட்டுத்தாள் இல்லாம கை ரெண்டும் சும்மா தொங்குது. உன் கதையில அது இல்ல. நாளைக்கு நீக்கிட்டாங்கன்னா, சாகிறவரைக்கும் அப்படித்தான்."

7

திங்கள்கிழமை. மணி ஒன்று ஐம்பது. பங்கு மண்டபத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே பெஞ்சுகளை இழுக்கும் சத்தம். யாரோ எங்கள் ஊர்த் தின்பண்டமான பொரித்த வெட்டுக்கிளிப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள், வாசனை இங்கே வரை வருகிறது. தியோபிஸ்தா வந்துவிட்டாள். கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை.

குற்றப் பத்திரிகை எழுதவில்லை. என்னிடம் இருப்பது இந்தக் கதை மட்டும்தான். இதை உள்ளே எடுத்துப் போய் வாசிக்கலாம் என்று காலையில்கூட நினைத்தேன். அழகான பகுதிகள் இருக்கின்றன, ஏழு கண்ணி வரும் இடத்தில் நிச்சயம் கண் கலங்குவார்கள், அந்தக் கலக்கத்தில் நாலாம் பகுதி கரைந்துபோகும். அதனால்தான் கூடாது.

ஒரு வாக்கியம் போதும், "டோ தப்பு, கொடுத்தவள் நான், கேட்டபோது பொய் சொன்னேன்." எழுதும்போது எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயம்தானா என்று கேட்டால் பயம்தான், ஆனால் பாட்டுக்கு முன்னால் வருகிற அந்தத் துடிப்பும் இதில் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

அவளைத் திரும்பச் சேர்ப்பார்களா, என்னை வைத்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இதில் எழுதப்போவதில்லை. இந்த முடிவை எழுதினால் அதுவும் நான் நன்றாக எழுதிய இன்னொரு தாளாகிவிடும். நோட்டை இந்தப் படியிலேயே உங்களிடம் விட்டுப் போகிறேன். பின்னால் பத்துப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, நின்று கேளுங்கள். நான் சொன்னேனா, சொன்னபோது குரல் எந்தப் படியில் இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் என் பெயரைக் கூப்பிடுகிறார்.