நீர்யானையின் வால்

ஷம்முன் நஸீம் என்கிற வசந்தப் பண்டிகையன்று கெய்ரோவில் வீட்டுக்குள் கிடப்பவன் நோயாளியாகத்தான் இருக்கவேண்டும். உப்பு மீன், வெங்காயத்தாள், சாயம் பூசிய முட்டை என்று கட்டிக்கொண்டு ஊரே மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பிவிடும். இன்ஷிராஹும் பதினெட்டு வருடமாகப் போகிறாள். போய் என்ன? மரநிழலில் பாய் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். எழுந்தால் போச்சு, அடுத்த நிமிடமே வேறொரு குடும்பம் நிழலைப் பிடித்துக்கொள்ளும். புருஷனும் பிள்ளைகளும் சிங்கத்தைப் பார்ப்பார்கள். இவள் அவர்கள் மூட்டையைப் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருடம் மெட்ரோவில் வரும்போதே சின்னவள் நிஹால் கேட்டாள். "அம்மா, நீர்யானைக்கு வால் இருக்கா?"

"இருக்கும்டி" என்றாள் இன்ஷிராஹ்.

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அங்க அம்மா பாத்த ஒரே மிருகம் அப்பாதான்!" என்றான் மூத்தவன் ஹாஸிம்.

புருஷன் ஸுப்ஹி வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நிஹாலின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இன்ஷிராஹும் சிரித்துவைத்தாள், ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. இன்றைக்கு அந்த வாலைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

பாயை விரித்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட, உம்மு ஹாஸிம்?" என்றார் ஸுப்ஹி. ஹாஸிமின் அம்மா, ஹாஸிமின் அப்பா என்றுதான் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள்.

"நீர்யானை பாக்க. நீங்க பாயைப் பாத்துக்குங்க."

"நானா? அப்ப மீனை யாரு சுத்தம் பண்றது?"

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்கே, அபூ ஹாஸிம்!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

குளத்தில் இரண்டு மூக்குத் துவாரங்கள் மட்டுமே தெரிந்தன. "மூணு மணிக்குப் புல்லு போட்டாத்தான் வெளிய வரும், ஹாஜ்ஜா" என்று மரியாதையாகச் சொன்னார் காவலர். அப்போது மணி பன்னிரண்டு. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணிக்கு ஹாஸிம் ஓடிவந்தான். "அம்மா, வாம்மா! அப்பா மீனைக் கொத்துக்கறியாக்கிட்டாரு. ஒரே முள்ளு!"

"முள்ளைப் பொறுக்கிட்டுத் தின்னுங்க. நான் வரல."

கால் கடுத்தது, பசித்தது. வைராக்கியம் மட்டும் குறையவில்லை.

புல்லுக்கட்டு விழுந்ததும் நீர்யானை கரையேறித் திரும்பியது. உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு வால்! அது விசிறிபோல் படபடத்ததுதான் தாமதம், சாணி நாலாபக்கமும் தெறித்தது. கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. இன்ஷிராஹ் அசையவில்லை. "இருக்கு!" என்று உரக்கச் சொன்னாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

முக்காட்டில் சாணிப்புள்ளிகளோடு திரும்பியவளிடம் நிஹால் தாவி வந்தாள். "இருக்காம்மா?"

"இருக்குடி கண்ணு. சின்னதா, தட்டையா."

"வாலா? நான் கவனிச்சதே இல்லையே" என்றார் ஸுப்ஹி, முழங்கை வரை மீன் நாற்றத்தோடு.

"அடப்பாவி மனுஷா! பதினெட்டு வருஷமா என்னத்தைத்தான் பாத்தீங்க?"

ஸுப்ஹி மீன்முள்ளைப் பொறுக்கத் தொடங்கினார். ஹாஸிம் முட்டை உரிப்பதில் மும்முரமானான்.

இன்ஷிராஹ் ஒரு முட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். நிஹாலின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பாயை விட்டு எந்திரிக்காதீங்க, அபூ ஹாஸிம். சிங்கம் எந்தப் பக்கம்?"