நைட்டிக்குத் தெரியாத நாள்

பொழுதம்மன் பழந்துணியை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக நேரம் கொடுக்கிறாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வடக்கு வேலியை ஒட்டி, ஓர் உருக்காலையின் பின்சுவருக்கும் கலியனின் நெல்வயலுக்கும் நடுவில் இருக்கிறாள். கூரை கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கல், அதற்கு முன்னால் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுக் கட்டிய துணி காயப்போடும் கொடி, அவ்வளவுதான் கோயில். பேட்டைக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது பொக்லைன் வாயில் அகப்பட்டு வந்த கல் அது. அதன் வலது கையில் இருப்பது தறிநாடா என்கிறவர்களும் உண்டு, கரண்டி என்கிறவர்களும் உண்டு. தூக்கிப் போட மனமில்லாமல் தன் வரப்போரம் நிறுத்தி வைத்த பாவத்துக்குக் கலியன் பூசாரியாகிவிட்டார்.

கொடுக்கல் வாங்கலில் அம்மன் கறார். உடுத்திப் பழகிய துணியைக் கொண்டுவந்து கொடியில் போட வேண்டும். நேரம் யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் வரப்பின் கோடி வரை நடந்துவிட்டு வர வேண்டும். வரும்போது துணி சாயமெல்லாம் போய் வெள்ளையாகத் தொங்கினால் வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட மாதிரி மடித்து வைத்திருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாங்கிக்கொண்டால் அன்றைக்கே நேரம் வந்துவிடும். பெற்றவருக்கு ஒரு மதியமோ ஒரு வாரமோ கூடுதலாகக் கிடைக்கும்; பக்கத்தில் இருப்பவருக்கு அவர் கண்ணைச் சிமிட்டியதாகத்தான் தெரியும். அரியர் வைத்த பாலிடெக்னிக் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின நாள் அங்கே வரிசையில் நிற்பார்கள். புதுத்துணி மட்டும் அவளுக்கு ஆகாது. காண்டிராக்டர் ஒருவர் பட்டுப்புடவை கொண்டுவந்து சார்த்தினார். அது கடைப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போய், பில்லோடு அவர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டாளே என்று அவர் சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

அவள் தரும் நேரத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. துணி எந்த மாதிரிப் பொழுதைப் பார்த்திருக்கிறதோ, அந்த மாதிரிப் பொழுதுதான் திரும்பி வரும். உருக்காலையில் உலை முன்னால் வேலை பார்க்கும் மோகன்ராஜ் இது தெரியாமல் போய்ச் சூடுபட்டவர். கொஞ்சம் தூங்கலாமே என்று பழைய காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டார். வந்தது உலை முன்னால் நிற்கும் நேரம். தன் வீட்டுப் பாயில் படுத்தபடியே வியர்த்து, உதடு வெடித்து, காதில் இரும்பு உருளும் சத்தத்தோடு எழுந்தார். "தூங்கப் போனவன் ஓவர்டைம் பாத்துனு வந்தேன்" என்று டீக்கடையில் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டு பனியன், லுங்கி என்று ஓய்வுத் துணியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆனால் அந்த ஆலையின் மேனேஜருக்குப் புத்தி வரவில்லை. மெஷின் துடைக்க வாங்கிய வேஸ்ட் துணி மூட்டைகளை அப்படியே கொடியில் போட்டு, நேரம் ஒரு ஷிப்ட் ஆட்கள் மொத்தப் பேருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். உற்பத்தி எகிறும் என்று கணக்கு. யார் யாரோ உடுத்திய துணி அது. வந்த நேரத்தில் பாதி தொட்டில் நேரம், கொஞ்சம் கல்யாணப் பந்தி நேரம், மிச்சமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரம். ஷிப்டில் இருந்த எல்லோரும் அந்தக் கூடுதல் நேரத்தில் தூங்கி, வயிறு நிறைந்து, கடைசியில் ஊத்துக்கோட்டை பஸ் வந்துவிட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு கம்பிகூடக் கூடுதலாக உருளவில்லை.

அந்த மூட்டைகள் கட்டப்பட்ட கொட்டகையில்தான் மோகன்ராஜின் மனைவி சுமலதா வேலை செய்தாள். ஊர் ஊராகச் சேர்ந்து வரும் பழைய துணிகளில் பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, துணியைக் கையகலத்துக்குக் கிழித்துக் கட்டும் வேலை. கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில், ஜிப் அறுத்துக்கொண்டிருந்தவளுக்கு வலி கண்டு, பிறந்தும்விட்டது. பெண். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி, மறைக்காமல் சொன்னார். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, வயிற்றில் இருந்திருக்க வேண்டிய இரண்டு மாதம் இல்லாததுதான் குறை, மூச்சு தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சுமலதா அதைக் கேட்டு அழவில்லை. வேறு எதையாவது கேட்டிருந்தால் அவள் கையை விரித்திருப்பாள். நேரம் கிடைக்கிற இடம் அவளுக்குத் தெரியும். படுக்கையில் இருந்தபடியே கொட்டகைக்குப் போன் போட்டாள்.

"எட்டாம் மாசம், ஒம்பதாம் மாசம், வயித்துல புள்ளையோட போட்ட நைட்டி யாராண்டனா கீதா? தேடிப் பாருங்கடீ, சீக்கிரம்" என்றாள்.

எட்டாம் மாதம் சுலபமாகக் கிடைத்தது. குடித்தன லைனில் இருந்த பெண்கள் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்கள். ஒருத்தியின் நைட்டி அடுப்படியில் கரித்துணியாக இருந்தது. இன்னொருத்தியுடையது அவள் புருஷனின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒன்று அரிசி டிரம்முக்கு மூடியாகிவிட்டிருந்தது. அம்மன் துண்டு துண்டாகவே வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் நர்ஸ் குனிந்து நிமிர்வதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதம் போயிற்று. பிள்ளைக்குப் புருவம் வந்திருந்தது, நகம் வளர்ந்திருந்தது, காலையில் போட்ட குல்லா தலையில் நிற்கவில்லை. டாக்டரம்மா எடை மெஷினை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் நிறுத்துப் பார்த்தார். நல்லதுதான், இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் தேவலை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஒன்பதாம் மாதத்துக்குத்தான் தட்டுப்பாடு. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு செய்து, கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது வழக்கம். பேட்டையில் இருந்த பெண்களின் ஒன்பதாம் மாதங்கள் எல்லாம் பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் சத்தியவேட்டிலும் அவரவர் அம்மா வீட்டில் கழிந்திருந்தன. நைட்டிகளும் அங்கேயே தங்கிவிட்டன. போன் மேல் போன் போட்டுக் கேட்டதில் அம்மாக்கள் எல்லோரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதிலைச் சொன்னார்கள். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிறவனிடம் போட்டுவிட்டார்களாம். பொழுதம்மனுக்குத் தொழிலில் போட்டி என்றால் இந்த மாவட்டத்தில் அந்தக் குடக்காரன் ஒருவன்தான். பெண்கள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டியதால் நைட்டி வந்துவிடவில்லை.

தாய்வீடு என்று ஒன்று இல்லாததால் ஒன்பதாம் மாதத்தையும் பேட்டையிலேயே கழித்தவள் ஒருத்திதான் இருந்தாள். ரோசம்மாள், கொட்டகையில் சுமலதாவுக்குப் பக்கத்துப் பலகைக்காரி. புருஷன் தாவீது லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு பெண்பிள்ளை நாள் நிறைந்து, மூச்சில்லாமல் பிறந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை. அந்த மாதத்து நைட்டியை அவள் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஊதா நிறத்தில் வெள்ளைப் பூப் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயில் காட்டி, மடித்து, டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். நாள் முழுக்கத் துணி கிழிக்கிறவள் அதன் ஓரத்தில் பிரிந்த நூலைக்கூட இழுத்ததில்லை. அவளிடம் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சுமலதாவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ரோசம்மாளே நைட்டியோடு கொடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

மோகன்ராஜ் குறுக்கே வந்து கையை நீட்டித் தடுத்தார்.

"வாணாம்க்கா. துணி பாத்தது அப்டியேதான் வரும். நான் வெந்தவன், எனக்குத் தெரியும். உன் மாசம் எப்டி முடிஞ்சுது? அதே மாரி எம்பொண்ணுக்கும் முடிஞ்சுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம்தான் பேசினார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது. அம்மன் விஷயத்தில் தன்னால் கேரண்டி கொடுக்க முடியாது என்று கலியனும் ஒதுங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து சுமலதா கூப்பிட்டாள். காலையிலிருந்து பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, டாக்டரம்மா முகம் சரியில்லை என்றாள். மோகன்ராஜ் போனைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். ரோசம்மாள் அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மோகனு, கேளு. வலி எடுத்த அன்னிக்குக் காலைலதான் இதத் தொவைச்சுக் கொடில போட்டேன். பச்சைப் பொடவை கட்டினுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புள்ள போனதப் பாத்தது அந்தப் பொடவை. அத அப்பவே எரிச்சுட்டேன். இது ஊட்டு வாசல்ல காஞ்சுகினு இருந்துச்சு. இதுக்கு ஒண்ணும் தெரியாது. இதப் பொறுத்தவரைக்கும் எம்பொண்ணு இன்னும் வயித்துலதான் கீது, நல்லாத்தான் கீது."

மோகன்ராஜ் போனை ரோசம்மாளிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் சுமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா, போட்டுட்டா அது திரும்ப வராது" என்றாள்.

"தெரியும்டீ" என்றாள் ரோசம்மாள்.

தான் சர்ச்சுக்குப் போகிறவள், இங்கே கும்பிட மாட்டேன், கொடுத்து வாங்குவது மட்டும்தான் என்று கலியனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அம்மன் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்றார் அவர். நைட்டியை உதறி, சுருக்கம் நீவி, காற்றில் நழுவாமல் இரண்டு பக்கமும் கிளிப் போட்டாள். சுமலதா பொண்ணுக்கு என்று சத்தமாகச் சொன்னாள். வரப்பில் நடந்து போனவள் கோடியில் போய் நின்றவள்தான், வெகு நேரம் திரும்பவே இல்லை. அவள் வந்தபோது ஊதா நிறமும் இல்லை, பூவும் இல்லை. வெள்ளைத் துணியை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றார் கலியன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கொட்டகைக்குப் போனாள்.

அன்று மதியம் டாக்டரம்மா கை கழுவிவிட்டுத் துடைப்பதற்குள் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் முடிந்தது. கன்னம் உப்பி, தலை நிறைய முடியோடு, வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது. இனிமேல் பெட்டி தேவையில்லை, அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்துத் தாயிடம் கொடுத்தார்கள்.

பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டு ஐந்தாம் மாதத்தில் வைத்தார்கள். மோகன்ராஜின் அம்மா மணியம்மாளுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் நிலம் நீச்சு உண்டு. அங்கிருந்து நெல்லும் வெல்லமும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பிள்ளை பிழைத்தால் முருகன் பெயர் வைப்பதாக வேண்டுதல். தொட்டிலில் போட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, "தணிகைச்செல்வி" என்று காதில் சொன்னார். பிள்ளை வீரிட்டு அழுதது. மறுபடி சொன்னார், மறுபடி அழுதது. அம்மாவின் குரலுக்கு அடங்கும் பிள்ளைதான். ஆனால் சுமலதா அந்தப் பெயரைச் சொன்னாலும் அழுதது. பெயர் பிடிக்கவில்லையோ என்று கூட்டத்தில் ஒருவர் பூமிகா என்றார், இன்னொருவர் அமிர்தா என்றார். வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று சொல்வதுபோல் எல்லாவற்றுக்கும் அழுதது. பெரிய பேஜாராகப் போயிற்று. கதவோரம் பாயசக் கிண்ணத்தோடு நின்ற ரோசம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சுமலதா அதைக் கவனித்துவிட்டாள்.

"அக்கா, அந்த மாசம் வயித்துப் புள்ளைய நீ இன்னான்னு கூப்டுகினு இருந்த?"

"வாணாம்டீ. அது உங்களுக்கு ஒத்துவராது."

"நீ வந்து சொல்லு."

தாவீதிடம்கூட அவள் சொல்லாத பெயர் அது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிலிடம் வந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, "ஏஞ்சல்" என்றாள். அழுகை நின்றது. பிள்ளை தலையைத் திருப்பி, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல் அவளையே பார்த்தது. சுமலதாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். தொட்டில் கயிற்றைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிவிட்டாள். பிறகு வந்திருந்தவர்களைப் பார்த்து, "எம்பொண்ணு பேரு ஏஞ்சல்" என்றாள். மணியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம், வேண்டுதலுக்கு முருகனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பாயசத்தைக் கையில் எடுத்தார்.

மூன்றாம் வருஷம் மொட்டை போடக் கிராமத்து முருகன் கோயிலுக்குப் போனார்கள். ஆடிக் கிருத்திகை, மைக்செட் கட்டியிருந்தார்கள். ரோசம்மாள் உள்ளே போகவில்லை. எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வாசலில் பூக்காரிக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தாள். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. மந்திரத்துக்கு நடுவில் ஏஞ்சல் என்ற பெயரும் கொஞ்சமும் தடுக்காமல் ஒலிபெருக்கியில் வந்து ஊர் முழுக்கக் கேட்டது.

"யாரு அது, புதுசா கீதே பேரு?" என்றாள் பூக்காரி.

"எங்க பொண்ணு" என்றாள் ரோசம்மாள்.

பூக்காரி ஒரு முழம் மல்லிகையை அளந்து கிள்ளி, பிள்ளை மொட்டைத் தலையோடு வெளியே வந்ததும் கையிலாவது சுற்றிவிடு என்று கொடுத்தாள்.