எறும்பு சாரின் ஒரே வாசகர்

பல்கலைக்கழகத்தின் வலைப்பதிவுத் தளத்தை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் பதிவர்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதியது கொடுப்பாள், உடைந்த பக்கங்களைச் சரிசெய்வாள், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை மூடுவாள். எல்லாருக்கும் அவள் 'வெப் மேடம்'. அதுவும் மின்னஞ்சலில் மட்டும். மாடிக்கோடியில் இருந்த அவள் அறைக்கு ஆள் வந்தே மாதக்கணக்காகிறது. கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போனபின் அவர் நாற்காலியில் பழைய கீபோர்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். மற்ற நாட்களில் வாய் திறக்காமலே பொழுது போய்விடும்.

அந்த மாதம் விளம்பரக் கருத்துகள் தளத்தையே மூழ்கடித்தன. அவள் ஒரு வடிகட்டியைப் பொருத்தினாள். ஒரே நாளில் நாற்பதாயிரம் குப்பைகள் ஒழிந்தன. யாரும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் நின்றிருந்தார். வளாகத்தில் அவரை 'எறும்பு சார்' என்றால்தான் தெரியும். படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் அவசரமாகக் கீபோர்டுகளை அள்ளித் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தினாள்.

"என் பதிவுக்கு ஒருத்தர் தினமும் கமென்ட் போடுவாரும்மா. நாலு நாளா ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. அவரோட மெயில் ஐடி உங்ககிட்ட இருக்குமா?"

அவள் அவர் பக்கத்தைத் திறந்தாள். மனைவி இறந்தபின் ஆரம்பித்த பதிவு. சமையலறையில் ஊரும் எறும்புகளைப் பற்றித் தினம் ஒரு குறிப்பு. வடிகட்டி ஒதுக்கி வைத்ததைப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அதே வரி: 'அருமையான பதிவு. மிகவும் பயனுள்ள தகவல்.' அதற்கு அவர் பதில் எழுதியிருந்தார்: 'நன்றி நண்பரே. இன்று வரிசை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. காரணம் புரியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?' இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள்.

அந்த வாசகர் தன் கணக்கை மூடிவிட்டார் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இல்லாத ஒருவருக்காக இவரை இன்னும் கவலைப்பட விட மனம் வரவில்லை.

"சார், அது ஆள் இல்ல. செருப்பு விக்கிற விளம்பரம். தானாவே எழுதிப் போடுற புரோகிராம். எல்லாருக்கும் இதே வரிதான் போடும். நான்தான் தடுத்து வெச்சேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் நான் கேட்ட எதுக்கும் பதிலே சொல்லல. கூச்ச சுபாவம் போலன்னு நெனச்சேன்." சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. "அந்த கமென்ட் பெட்டிய மூடிடுங்கம்மா. காலியா கெடக்கறத தினமும் பாக்க வேண்டாம்."

திரையில் ஒரு கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தாள். அவ்வளவுதான் வேலை. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

ஒன்பது நாட்கள் அவர் எதுவும் எழுதவில்லை. காலையில் வந்ததும் அவள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தாள். செய்தது சரிதானா என்று நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் மூன்று வரிகள் வந்தன: 'நேற்று மழை. எறும்புகள் முட்டைகளைச் சமையலறை ஸ்விட்ச் போர்டுக்குள் கொண்டுபோய்விட்டன. அந்த அறையில் இப்போது விளக்குப் போடுவதில்லை.'

வருகைக் கணக்கைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். ஒருவர். அது அவள்தான்.

பழைய ஊழியர் பட்டியலில் அவர் போன் எண் இருந்தது. மணி வெகுநேரம் அடித்தது.

"சார், வெப் செக்‌ஷன்லேர்ந்து பேசுறேன்."

"ஏம்மா, கணக்க மூடப் போறீங்களா?"

"இல்ல சார். நேத்து நீங்க எழுதினதப் படிச்சேன். விளக்குப் போடாம எப்படி சார் சமைக்கிறீங்க?"

எதிர்முனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"கூடத்து வெளிச்சம் போதும்மா," என்றார் மெல்ல. "ரெண்டு வாரம்தானே, அதுக்குள்ள முட்டை பொரிஞ்சிடும்..."

இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவள் மூன்று கேள்விகள் கேட்டாள். அதில் ஒன்று அசட்டுக் கேள்வி என்று அவரே சொன்னார். அவளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"நாளைக்கும் எழுதுவேன்," என்றார் கடைசியில்.

"சரி சார்," என்றாள்.