சுவர் நிறையச் சிப்பிப் பீங்கான்

மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா றிபா வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நுஸ்ரத் ஹோல் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மாட்டியிருந்த தட்டுகளில் ஒரு பீங்கான்கூட இறங்கியிருக்கவில்லை. கிழமைக்கணக்காகச் சொல்லி வாய் உளைந்ததுதான் மிச்சம். "ஓம் ஓம், கழட்டுறன்" என்று தலையாட்டிய புருஷன் ஜெமீல், புதுச் சாரன் உடுத்தி அத்தரும் பூசி அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். பைத்தியத்துக்கு மருந்துண்டு, இந்த மனுஷனுக்கு என்ன உண்டு?

கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது பிடித்த கிறுக்கு இது. ஹோட்டலை மூடும்போது, அலங்காரத்துக்குத் தொங்கிய பழைய பிரெஞ்சுப் பீங்கான் ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் நகையோடு வந்திறங்க, இவர் அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு பாரிசில் இருக்கும் கூட்டாளி பழஞ்சாமான் சந்தைகளில் நின்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும், இவர் "எடு" என்பதுமாகச் சுவர் நிறைந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு குழி, சுற்றிவர ஆறு குழி. பச்சை, ரோசா, நீலம். பாசியும் சங்கும் புடைத்துக்கொண்டு நிற்கும். மஜோலிக்கா என்ற பூச்சு வேலையாம். சோற்றைப் போட்டால் சோறு ஒரு குழியிலும் ஆணம் இன்னொரு குழியிலும் கிடக்கும். போடவும் விடமாட்டார், பழைய பூச்சில் ஈய நஞ்சு இருக்குமாம். தூசி துடைக்கிற வேலை மட்டும் நுஸ்ரத்துக்கு.

இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நுஸ்ரத்துக்கும் இது சீதனமாக வந்த வீடுதான். மகள் சஹ்லாவின் கலியாணத்தோடு அது அவளுக்குப் போகும். தாயும் தகப்பனும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போவார்கள். றிபா வந்திருப்பது வீடு பார்க்க. கலியாணம் பேசி முடிந்ததுதான், ஆனாலும் வீட்டைப் பார்த்து அவள் முகம் கோணினால் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

குசினி, குளியலறை, கிணற்றடி எல்லாம் பார்த்துவிட்டு றிபா சுவரடிக்கு வந்தாள். ஜெமீல் இதற்காகவே காத்திருந்தவர். பிரெஞ்சுக்காரன் குழிக்கொரு சிப்பியைப் பச்சையாக வைத்து, தேசிக்காய் பிழிந்து இப்படித்தான் உறிஞ்சுவான் என்று உறிஞ்சியும் காட்டினார். நுஸ்ரத்துக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

றிபாவின் காதில் அதில் பாதிகூட ஏறவில்லை. அவள் குழிகளை எண்ணிப் பார்த்தாள். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட அங்கேயும் சகன் வைப்பார்கள் போல, ஆளுக்கொரு குழி என்று அவளாகவே முடிவுகட்டி, அத்தோடு பீங்கான்கள் மேல் ஆசையும் வைத்துவிட்டாள்.

"கலியாணத்தண்டைக்கு மாப்பிள்ளைச் சகன் இதுலயே வைக்கலாம். செவர்ல இரிக்கிறது ஊட்டோட சேந்ததுதானே?"

ஓம் என்று ஒரு சொல் போதும். இந்தச் சனியன்கள் தொலையும், சம்பந்தியும் குளிர்ந்துபோவாள். ஈயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் ஓதுகிற ஜெமீல் இப்போது அதைக்கூடச் சொல்லித் தடுக்கவில்லை. மகளின் வாழ்க்கைக்கு முன்னால் பீங்கானைப் பெரிதாக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பீங்கானின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். நுஸ்ரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஓம் சொல்வது?

"இல்ல" என்றாள். "அதுகள் என்ட சாமான். எங்களோட பின்னூட்டுக்கு வரும்."

"அப்ப எங்களுக்கு?"

"ஆணிய உட்டுட்டுப் போறம்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தேத்தண்ணீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்ற சஹ்லா உம்மாவையே பார்த்தாள். றிபா சிரித்தாளா, உதட்டைச் சுழித்தாளா என்று தெரியவில்லை. தேத்தண்ணீரில் பாதியைக் குடித்தாள், மகனிடம் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் புறப்பட்டாள்.

ஓட்டோ திரும்பிப் போன சத்தம் அடங்கவில்லை, ஜெமீல் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினார். இத்தனை நாள் அசையாத மனுஷன் பீங்கான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே நீட்டினார். "பாத்துப் புடி" என்று அதிகாரம் வேறு. நுஸ்ரத் ஏசிக்கொண்டே வாங்கி அடுக்கினாள். அடுக்கு நெஞ்சைத் தாண்டி நாடிவரை வந்துவிட்டது. பின்வீட்டில் அவ்வளவு சுவர் ஏது? அதைக் கேட்க வாயெடுத்தாள், மேல் பீங்கான் சரிந்தது. வாயை மூடி, அதை நாடியால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஹோல் நடுவில் நின்றாள். ஜெமீல் இன்னொன்றை நீட்டினார்.