அப் லைனுக்கு ஒரு தட்டு, டவுன் லைனுக்கு ஒரு தட்டு

குழாயடியில் குந்தி, ஒரு பல்செட்டைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஜேக்கப்.

"ரயில்ல சன்னலோரம் உட்காந்து தும்மியிருப்பாரு, இது வெளிய விழுந்திருக்கும். இந்நேரம் சேலத்துல இட்லிய அப்படியே முழுங்கிட்டிருப்பாரு, பாவம்" என்றார். நான் முகத்தைச் சுளித்தேன். அதைச் சுவர்மேல் காயவைத்துவிட்டு, சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

என் கணவர் ஜேக்கப் மொரப்பூரில் ரயில்வே கீமேனாக இருந்தார். தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற கிளிப்புகளை அடித்து இறுக்கும் வேலை. அன்று பெரிய வளைவில், அப் லைனில் வந்த வண்டிக்கு விலகி டவுன் லைனில் நின்றிருக்கிறார். அதன் இரைச்சலில், தன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்தது அவருக்குக் கேட்கவில்லை.

அவர் இறந்து ஒரு மாதம் ஆனதற்கான நினைவுப் பூசை முடிந்து, பந்தி இலைகளை எடுப்பதற்குள் அவருடைய அக்கா லூர்து மேரி கோணிப்பையோடு முன்னறைக்கு வந்துவிட்டார். ரயிலிலிருந்து விழுந்து கிடந்தவற்றை ஜேக்கப் வருஷக்கணக்கில் பொறுக்கிவந்து, கழுவி, பிஸ்கட் டின்களில் சேர்த்துவைத்திருந்தார். அண்ணி முதல் டின்னைத் திறந்து கோணிப்பையில் கொட்டப் போனார்.

"ரயிலடியில கெடக்கறத வூட்டுக்குள்ள கொண்டாராதடான்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். எல்லாம் செத்தவங்க பொருளு. அதான் அவனையும் கூப்பிட்டுக்கிச்சு."

"செத்தவங்க பொருள அவரு தொட்டதில்லைங்க அண்ணி. அப்படி எதாச்சும் கெடந்தா, போலீஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நிப்பாரு. எடுக்க மாட்டாரு."

"நீ கூடவே போயிப் பாத்தியா?"

பார்க்கவில்லைதான். ஆனால் அந்தக் கோணிப்பை வாசலைத் தாண்டினால், ஜேக்கப் தன் கிறுக்குத்தனத்தால் செத்தார் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு நான் எத்தனை வருஷம் பேசினாலும் அதை அழிக்க முடியாது. பையை அவர் கையிலிருந்து வாங்கி உதறி, வாசலில் கால்மிதியாகப் போட்டேன்.

"இனி டின்னுலகூட வைக்க மாட்டேனுங்க. கண்ணாடி அலமாரி செஞ்சு, தெருவுல நின்னாத் தெரியற மாதிரி வைக்கப்போறேன்."

வாயிலிருந்து வரும்வரை எனக்கே அந்த எண்ணம் இருக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தச்சர் குப்புராஜ் வந்தார். ஃபோனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். "நடுவுல டிவி, மேல சாமி படம், கீழ டிராயரு. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்கக்கா."

"எனக்கு இது வேணாங்க."

"அப்ப நீங்களே ஒரு டிசைனப் போடுங்க. நான் பலகைய அறுத்துத் தர்றேன்."

நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் நிஜ அளவிலேயே கட்டம் போட்டேன். முதலில் பெரியது, சிறியது என்று அடுக்கினேன். ஃபேன்சி ஸ்டோர் மாதிரி இருந்தது. செருப்போடு செருப்பு, கண்ணாடியோடு கண்ணாடி என்று வைத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் பறிமுதல் செய்து பரப்பியது போலத் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஜேக்கப் எந்தப் பொருளையும் வெறுமனே காட்டியதில்லை. 'சின்னப் பாலம் தாண்டி', 'கேட்டுக்கு இந்தப் பக்கம்' என்று இடத்தைச் சொல்லித்தான் கையில் கொடுப்பார். அவர் நடந்த வரிசையிலேயே வைத்தால் என்ன?

சுவர் நீளத்துக்கு இரண்டு கோடு இழுத்தேன். மேலே அப் லைன், கீழே டவுன் லைன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கிடைத்த செஸ் குதிரை முதலில் வந்தது. பிறகு ஒற்றைக் காது மூக்குக்கண்ணாடி, கன்னட எழுத்துப் போட்ட பள்ளிக்கூட பெல்ட், பாலம் தாண்டிப் பல்செட், கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் டைனோசர். ஒவ்வொன்றுக்கும் அதனதன் உடம்புக்கேற்ற கட்டம். லைன் வளைகிற இடத்தில் அலமாரியும் மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குப் போக வேண்டும். அந்த மூலைக்குத்தான் பெரிய கட்டம். வளைவில்தான் வண்டி சாயும், அங்கேதான் அதிகம் விழும்.

பக்கத்து வீட்டுக் கவிப்பிரியா எட்டிப் பார்த்தாள். "இந்த வருசம் கிறிஸ்துமஸ் குடில் இவ்ளோ பெருசா ஆன்ட்டி?"

"ஆமா. ஒட்டகம் கெடைக்கல, டைனோசர் வருது."

அவர் போனபிறகு நான் சொன்ன முதல் கிண்டல் அது.

அலமாரி டிசம்பரில் வந்து இறங்கியது. எல்லாம் நான் போட்ட கோட்டுப்படியே இருந்தது, மூலையைத் தவிர. அங்கே குப்புராஜ் தன் பிரியத்துக்கு ஒரு போட்டோ ஸ்டாண்டும், மெழுகுவத்தி மாதிரி எரியும் சிவப்பு பல்பும் பொருத்தியிருந்தார்.

"சார் படம் வைக்கத்தானேக்கா மூலையப் பெருசாக் கேட்டீங்க? எறந்தவங்க படம் வைக்கற எல்லா வூட்லயும் இப்படித்தான் போடறேன்."

"கழட்டுங்க."

"நான் காசு கேக்கலக்கா."

"அதுக்கில்லீங்க. இதெல்லாம் கீழ விழுந்த பொருளு. அவரு எடுத்தவரு. அவரு படத்துக்கு வேற செவுரு இருக்குது."

ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்துக்கொடுத்தார். அந்த மூலையில் மவுத் ஆர்கனையும், ஒரு குழந்தையின் ஒற்றை ஷூவையும், தெர்மாஸ் மூடிகளையும் வைத்தேன். பளிச்சென்று வெள்ளை லைட் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணி முறுக்கு டப்பாவோடு வந்தார். நிலைப்படியிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"செஞ்சே புட்டியா? சரி, மத்தது இருக்கட்டும். அந்த வளைவுல எடுத்தத மட்டுமாச்சும் தூக்கிப் போட்டுடு ஆக்சிலியா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"அத எடுத்தா அங்க அவரு நடக்கவே இல்லைன்னு ஆயிடுங்க."

"அங்கதானடி செத்தான்!"

"செத்தது ஒருநாளுதாங்க. மத்த நாளெல்லாம் அங்க நடந்திருக்காரு."

அண்ணி முறுக்கு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். கேரல் பாட வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். 'இது எங்க கெடைச்சுது, அது எங்க கெடைச்சுது' என்று கேட்டார்கள். இப்போதும் யாராவது வந்து கேட்கிறார்கள், நான் ஸ்டேஷனிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன். அவர் எதனால் செத்தார் என்பதை இந்த வீட்டில் நின்று யாரும் எனக்கு விளக்குவதில்லை.

அண்ணி மாதம் ஒருமுறை வருவார். நான் நாற்காலியை அலமாரியைப் பார்த்தபடி போட்டுவைப்பேன். உட்காருவதற்கு முன் அவர் அதைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார்.