பேர் சொன்னவள்

குடிசைக்குள் தவசியின் கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கழுத்தில் கத்தி. வெளியிலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டார்.

"பூமயிலு யாரு? ஒம் புருசன்னு ஒருத்தன் ஸ்டேஷன்ல இருக்கான். வந்து பாத்துச் சொல்லு."

கத்தி வைத்திருந்தவன் பூமயிலிடம் மெல்லச் சொன்னான்.

"அது என் கூட்டாளி. ஆமான்னு சொல்லு. மத்தியானத்துக்குள்ள அவன் வரலேன்னா இவன் இல்லை."

விடிகாலையில் அவனும் கூட்டாளியும் சிலோனுக்குத் தோணி கேட்டு வந்தவர்கள். ராமேஸ்வரத்துச் சத்திரத்தில் முத்து வியாபாரி ஒருவர் குத்துப்பட்டுச் செத்த செய்தி அதற்கு முன்பே குந்துகால் கரைக்கு வந்திருந்தது. தவசி மறுத்தான். கட்டிப்போட்டார்கள். கூட்டாளி தவசியின் சட்டையை மாட்டிக்கொண்டு அரிசி வாங்கப் பாம்பனுக்குப் போனான்.

தவசியும் அவளும் உப்பூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாம்பனில் அவன் முகம் யாருக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் ஏட்டு பால்சாமி பீடியை அணைத்தார். பெஞ்சில் அந்தச் சட்டை உட்கார்ந்திருந்தது.

"புருவத்துல தழும்பு. சத்திரத்துக்காரன் சொன்ன அடையாளம். இவன் என்னடான்னா தோணிக்காரன் தவசிங்கறான். நீ என்னத்தா சொல்ற?"

"எம் புருசந்தான்."

"தழும்பு?"

"பாய்மரக் கட்டை அடிச்சது."

பெஞ்சிலிருந்தவன் தலையாட்டினான். ஏட்டு அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். விட்டுவிடுவார் போலிருந்தது.

விட்டால் இவன் குடிசைக்கு வருவான். தோணியை எடுப்பார்கள். முகத்தைப் பார்த்துவிட்ட தவசியை விட்டுவைக்க மாட்டார்கள்.

"புருசன் பேரு?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் சொல்வாள்.

"தவசி," என்றாள் சத்தமாக.

பேனா நின்றது.

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"ஏலே தவசி, என்னலே முழிக்கிற? கஞ்சி ஆறுது. எந்திரி."

அவன் சிரித்தான். "பார்த்தீங்களா சார்? என் சம்சாரமேதான்."

ஏட்டும் சிரித்தார். "குடுத்து வச்சவன்யா நீ. இப்படி ஒருத்திய எங்கன புடிச்ச? ஏத்தா, வீட்டுல வேற யாரு?"

"விருந்தாளி ஒருத்தன். இவனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

பெஞ்சிலிருந்தவனின் கால் ஆடுவது நின்றது.

"அப்ப டீ குடிச்சிட்டே போகலாம்," என்றார் ஏட்டு. வாசலுக்குப் போய் இரண்டு போலீஸ்காரர்களிடம் ஏதோ சொன்னார்.

பூமயில் ஜன்னல் வழியே பார்த்தாள். டீக்கடை இடதுபுறம். அவர்கள் சைக்கிளில் வலதுபுறம், குந்துகால் பாதையில் போனார்கள். தோளில் துப்பாக்கி இருந்தது.

"டீ வர இவ்வளவு நேரமா?" என்றான் அவன்.

"மாடு கறந்துல்ல வரணும்."

ஏட்டு கதவைச் சாத்தி, அதன்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பூமயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் கதவு தட்டப்பட்டது. கழுத்தில் கீறலோடு, சட்டையில்லாமல் ஒருவன் உள்ளே வந்தான்.

"இது யாருத்தா?"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"அவுகதான்."

"பேரு?"

பூமயில் தரையைப் பார்த்தாள்.

"அவுககிட்டயே கேளுங்க."